குறியிடாத காது

நவம்பர் கடைசியில் போன சூரியன்
ட்ரோம்சோவுக்கு இன்னும் திரும்பவில்லை.
நண்பகலில் கொஞ்ச நேரம் நீலம்,
பிறகு மறுபடி தெருவிளக்குகள்.
மூன்றாம் மாடியில் தோர்டிஸ்
அதைவிட இருண்ட பெட்டிக்குள்
ஒரு தட்டை வைத்துக் கதவை மூடுகிறாள்.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
குழிதோறும் கல்லீரல் செல்கள்,
செல்லுக்குள் மின்மினியிடம் கடன் வாங்கிய மரபணு.
உரிய மூலக்கூறு வந்து
ஏற்பியின் மடியில் அமர்ந்தால்
அந்தக் குழி பளிச்சென்று எரியும்.
எளிய ஏற்பாடுதான்.
பதினான்கு மாதமாக எரியவில்லை.

பித்த உப்பு விட்டுப் பார்த்தாள்.
கொழுப்பமிலங்களை ஒவ்வொன்றாய்.
கொலஸ்டிராலின் அக்கா தங்கை
அத்தனை பேரையும் அழைத்துவந்தாள்.
துறைமுகத்தில் காட் மீனின் ஈரல் வாங்கி
அரைத்து வடித்து அதையும்.
வாரம் முழுக்க லிஃப்டில் அந்த நாற்றம்.

இதன் பங்காளிகளுக்கெல்லாம் ஆள் கிடைத்துவிட்டது.
பித்தம் மிகுந்தால் அறிகிற ஒன்று,
கொழுப்பு தேங்கினால் அறிகிற ஒன்று,
ரத்தத்தின் ஹீமைப் பற்றிக்கொண்டு
இரவையும் பகலையும் எண்ணுகிற ஒன்று.
எல்லாம் ஒரு காலத்தில் அநாதை ஏற்பிகள்.
இன்று கட்டுரைகளில் தத்துப்பிள்ளைகள்.
இது மட்டும் பட்டியலின் அடியில்
ஓர் எழுத்தும் எண்ணுமாய்.

என் மொழியில் ஏற்பி என்கிறோம்.
எதையும் ஏற்காத ஏற்பி.
பெயர் வைத்தவர்கள்
கொஞ்சம் அவசரப்பட்டிருக்கலாம்.

உறைபெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் யோவ்ன்னா
காராஷொக்கிலிருந்து வந்தவன்,
மான் மேய்க்கும் வீடு.
அநாதை என்ற சொல் அவனுக்குப் பிடிப்பதில்லை.
"காதில் குறி வெட்டாத துருவமான்
மந்தையில் ஒன்றிரண்டு இருக்கும்.
அதற்கு யாருமில்லை என்றா அர்த்தம்?
எங்கள் கத்திக்குத் தெரியாது, அவ்வளவுதான்."
சொல்லிவிட்டு மைனஸ் எண்பதைத் திறந்து
வெண்புகையில் பாதி மறைந்தான்.

ஜனவரி இரண்டாம் வாரம்
கிரெனோபிளிலிருந்து படிகப் படம் வந்தது.
மடி இருக்கவேண்டிய இடத்தில்
மடி இல்லை.
புரதத்தின் சொந்தக் கிளைகளே
உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன,
ஒரு நீர்த்துளிக்கும் இடம் விடாமல்.
பதினான்கு மாதம் அவள் தட்டியது
சுவரில் வரைந்த கதவை.

அன்றிரவு அவள் வீட்டுக்குப் போகவில்லை.
பழைய எண்களை எடுத்தாள்.
ஒவ்வொரு பத்தியின் தலையிலும்
அவள் கையெழுத்திலேயே ஒரு விதி:
எதுவும் சேர்க்காத குழியின் ஒளியைக் கழி,
அது வெறும் பின்னணி.

வெறுமா?
ஏற்பியே இல்லாத செல்களைத் தனியே வளர்த்து
இருட்டில் வைத்துப் பார்த்தாள்.
சுத்தமான கறுப்பு.
ஆக அந்த மங்கல் இதனுடையது.
யாரும் வராமலே இது வேலை செய்துகொண்டிருந்தது.
அவள் கழித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் கேள்வியை மாற்றினாள்,
யார் வருகிறார்கள் என்பதை விட்டுவிட்டு
எத்தனை இருக்கின்றன என்று.
குளுக்ககான் விட்டாள், பசியின் தூதன்.
அது வெளிவாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறது.
உள்ளே, உட்கருவில்,
பத்து இருந்த இடத்தில் நூறு.
நூறும் மரபணுவின் மேல் குந்தி
சர்க்கரை செய், சர்க்கரை செய் என்கின்றன.
பசி ஓய்ந்தால் ஆரவாரமின்றிக் கரைகின்றன.
அளவுதான் பேச்சு.

இருபத்தொன்றாம் தேதி.
சூரியன் திரும்பும் நாள் என்று
பள்ளிப்பிள்ளைகள் பாலத்தில் வரிசை கட்டியிருந்தார்கள்.
மலைக்கு மேல் மேகம்.
வந்துவிட்டதாகத்தான் சொன்னார்கள்.

யோவ்ன்னா காகிதப் பையில்
ஜாம் பிதுங்கும் சூரிய பன் கொண்டுவந்தான்.
நேற்று மதியத்துக்குப் பிறகு
தோர்டிஸ் எதையும் தின்றிருக்கவில்லை.
நடுங்காமல் நின்றாள் என்றால்
அவள் ஈரலிலும் இரவெல்லாம்
அந்த நூறு உட்கார்ந்திருந்திருக்கும்.

"குறி வெட்டிவிட்டாயா?" என்றான்.
படிவத்தில் 'துணை மூலக்கூறு' என்ற கட்டத்தில்
'தெரியவில்லை' என்பதை அடித்திருந்தாள்.
வேறொன்றும் எழுதவில்லை.
ஒரு கடி கடித்தாள்.
சர்க்கரைத்தூள் விசைப்பலகையில் கொட்டிற்று.
உள்ளே நூறு
மெல்லத் தொண்ணூறாகிக்கொண்டிருக்க,
அவள் ஊதி ஊதித் துடைக்கிறாள்.