ரசீது எண் ஒன்று

இலுப்பைவிளை மூன்றாம் தெரு முனையில்
அளவுகோலைப் பிடித்து நிற்கிறார் சுயம்பு.
முந்தாநாள் வரை ஏலாவாக இருந்த மண்.
என் லெவல் கருவி பழையது,
அதற்குள் அவர் தலைகீழாக நிற்கிறார்,
அவருக்கு மேலே தெரு, தெருவுக்கு மேலே வீடுகள்.

நாகர்கோவில் வளர்ந்து இங்கே வந்துவிட்டது.
பஞ்சாயத்தை அழித்து
மாநகராட்சி என்று எழுதிய பெயின்ட்
இன்னும் கையில் ஒட்டுகிறது.
வரி வந்தது. குழாய் வந்தது.
வந்த வெள்ளம் எங்கே போகும் என்று
பார்த்து எழுத என்னை அனுப்பினார்கள்.

ஆளொன்றுக்கு நாளைக்கு நூற்று முப்பத்தைந்து லிட்டர்.
அதில் எண்பது சதவீதம் திரும்பி வரும்.
மக்கள்தொகையை முப்பது வருஷத்துக்கு நீட்டு.
அப்படித்தான் இன்னும் பிறக்காத நாலாயிரம் பேர்
என் மேசையில் தினமும் குளிக்கிறார்கள்,
பாத்திரம் கழுவுகிறார்கள்,
ராத்திரியில் வயிறு கலங்கி எழுந்து ஓடுகிறார்கள்.
அவர்களுக்குக் குழாய் எத்தனை அங்குலம் என்று
இப்போதே சொல்லியாக வேண்டும்.
பிறகு ரோட்டை யார் கிழிப்பது?

பணம் மூன்று மடையில் வரும் என்றார்கள்.
மானியம், வங்கிக் கடன், வீட்டுக்கு வீடு டெபாசிட்.
முதல் இரண்டும் காகிதத்தில் ஓடின.
மூன்றாவதுக்காக
அந்தோணியார் குருசடி முன்னால்
பந்தல் போட்டு உட்கார்ந்தோம்.

"தொட்டி கெட்டியாச்சு, இனி எதுக்கு?"
என்றார் டென்னிசன், மூன்று மாடி, மஸ்கட் பணம்.
"சொன்னபடி தோண்டுவியளா, இல்ல
தோண்டி அப்பிடியே போட்டுட்டுப் போவியளா?"
என்றார் ரெத்தினபாய்.
நியாயமான கேள்வி.
டீ வந்தது, குடித்தேன்.

மரிய செல்வி ஒன்றும் கேட்கவில்லை.
அண்டியாபீஸ் சம்பளம், ஐம்பதும் நூறுமாக,
கொட்டை எண்ணெயில் கறுத்த விரலால்
இரண்டு தடவை எண்ணி வைத்தாள்.
ரசீது எண் ஒன்று.

தெருவில் கடைசி வீடு அவளுடையது.
ஐப்பசியில் அவள் தொட்டியை நிரப்புவது
வீட்டு ஆட்கள் அல்ல.
மூடிய வயல் அடிமண் வழியே திரும்பி வருகிறது.
ராத்திரி லாரிக்கு ஒரு நடைக்கு மூவாயிரம்.
லாரி அதை எந்த ஓடையில் திறக்கிறது என்பது
ஊருக்கே தெரியும்,
கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

சுயம்பு அவள் வாசலில் கோலை வைத்தார்.
வாசித்தேன். மறுபடி வைக்கச் சொன்னேன்.
எங்கள் குழாய்க்கு
நாற்பது சென்டிமீட்டர் கீழே
அவள் கழிப்பறைத் தரை.

ஒரு முழம்கூட இல்லை.
ஆனால் சாக்கடைக்கு ஏறத் தெரியாது.
இங்கே ஒரு முழம் தாழ்த்தினால்
பம்பு கிணறு வரை எழுநூறு மீட்டரும் தாழ வேண்டும்,
கிணறும் தாழ வேண்டும்.
நடுவில் பாறை.
வெடிக்கு அனுமதி இல்லை.
கூடுதல் முப்பத்தெட்டு லட்சம்.

மேலே அனுப்பினேன். திரும்பி வந்தது:
"பயன்பெறும் வீடு ஒன்று மட்டுமே.
அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கலாம்."
பச்சை மை. அழகான கையெழுத்து.
என் வரைபடத்தில் முதல் கட்டம் சிவப்பு, இரண்டாவது நீலம்.
அடுத்த கட்டத்துக்கு நிறமே இல்லை.

கோலை மடக்கிக்கொண்டே சுயம்பு சொன்னார்:
"பொறக்காத நாலாயிரம் பேருக்கு எழுதுனியள்லா மேடம்,
அவனுவ எங்க வீடு கெட்டுவான்?
மேட்டுல எடம் ஏது?"

அவள் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.
மண்ணடித்து அவள் முற்ற மட்டத்துக்கு நிரவிய ஏலா.
வரிசை வரிசையாக மஞ்சள் கல்.
சென்ட் விலை எழுதிய பலகையில் ஒரு மைனா.
கல்லை எண்ணினேன், வெயிலில், விரல் மடக்கி.

ராத்திரி எஸ்டிமேட்டைத் திறந்து
ஒன்று என்பதை அடித்தேன்.
பயன்பெறும் வீடுகள்: நூற்று நாற்பத்தாறு.
அதில் நூற்று நாற்பத்தைந்துக்கு
இன்னும் வாசல் இல்லை.

ஃபைல் சென்னைக்குப் போயிருக்கிறது.
இங்கே புரட்டாசி முடிகிறது.
கிழக்கே இடி.
மரிய செல்வி தொட்டி மூடியின் மேல்
இரண்டு சிமென்ட் கல்லைத்
தூக்கி வைக்கிறாள்.