கண்ணாடியில் ஒரு சன்னல்

கீழக்கரை ஜபருல்லா பணத்தை இரண்டு முறை எண்ணினார்.
இழுத்து ஓட்டத் தெரியுமா என்று
ஒரு முறையும் கேட்கவில்லை.
பதினோரடிக் கேரவன், இரண்டு சக்கரம், ஒரு சன்னல்,
உள்ளே யாரோ விட்டுப்போன பாதிச் சோப்பு.

பொலிரோவில் மாட்டியபோது கொக்கி 'டக்' என்றது.
அந்தச் சத்தத்தை நான் நம்பிவிட்டேன்.
இன்னாசிதான் ஜாக்கியைச் சுற்றிப் பார்த்தான்.
கேரவனின் மூக்கு மட்டும் தனியே எழுந்தது.
பூட்டவே இல்லை.
மறுபடி மாட்டினோம். இப்போது
பொலிரோவின் முதுகும் சேர்ந்தெழ,
சங்கிலி இரண்டையும் அடியில் குறுக்காகக் கோத்தான்,
கட்டிப்போட்ட நண்டின் கால்களைப் போல.
இடது விளக்கைப் போட்டால் வலது மினுக்கியது.
ஒயர் மாற்ற ஒரு மதியம் போயிற்று.

பெரியபட்டினத்துப் பொட்டலில்
ஐந்து மீன்பெட்டிகளை வரிசையாக வைத்து
மூன்று நாள் பின்னோக்கியே போனேன்.
பெட்டி வலப்பக்கம் போக
ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
புத்திக்கு இது முதல் நாளே புரிந்தது,
கைக்கு மூன்றாம் நாள்.
பின்னால் நின்று வழி சொன்ன இன்னாசிக்கு
'வா' என்பதற்கும் 'நில்' என்பதற்கும் ஒரே கையாட்டல்.
ஒன்பது வருஷக் குடித்தனத்தில்
நாங்கள் இத்தனை சத்தமாகப் பேசிக்கொண்டதில்லை.
ஆடுகள் மேய்வதை விட்டுப் பார்த்தன.
நாலு பெட்டி நொறுங்கிய பிறகு ஓர் ஒப்பந்தம்:
கண்ணாடியில் நீ தெரியவில்லையென்றால்
நான் நகரமாட்டேன்.

ஆனி பதினேழு, விடியுமுன் கிளம்பினோம்.
உச்சிப்புளித் திருப்பத்தில் அகல வளைந்தேன்.
பின்னால் வருவது எப்போதும் குறுக்குவழி தேடும்.
மண்டபம் வரை நாற்பதைத் தாண்டவில்லை.
ராமேஸ்வரம் பஸ் முந்தும்போதெல்லாம்
எங்களை முதலில் தள்ளியது,
பிறகு தன் பக்கம் இழுத்தது.

பாம்பன் பாலத்து மேட்டில்
சோழகக் காற்று விலாவில் வந்து இடித்தது.
கண்ணாடியில் கேரவனின் சன்னல் இடமாகப் போயிற்று.
பிறகு வலமாக.
பிறகு இன்னும் அதிகமாய் இடமாக,
விசைப்படகின் பின்னால் கட்டிய வத்தை
அலைக்கு அலை தாவுகிற மாதிரி.
கால் பிரேக்குக்குப் போயிற்று.
போன காலைப் பாதியில் நிறுத்தினேன்.
திருப்பித் திருத்தத் துடித்த கைகளையும்.
ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு
ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டேன்.
முப்பத்தைந்து. முப்பது. இருபது.
பின்னால் ஒரு மதுரைக் கார் ஹாரனை எடுக்கவேயில்லை.
செல்ஃபி எடுத்த பையன்கள் சிரித்தபடி கையசைத்தார்கள்.
இருபுறமும் கடல் அன்று பச்சையாக இருந்ததாம்,
இன்னாசி பிறகு சொன்னான்.
சன்னல் மெல்ல நடுவுக்கு வந்தது.

தங்கச்சிமடத்தில் ஓரங்கட்டிக் கதவைத் திறந்தால்,
சிலிண்டர் இரண்டு, தண்ணீர் டிரம், கிரைண்டர்,
எல்லாமே பின்சுவரோடு.
எடுக்க வசதியாக இருக்குமென்று
அடுக்கியவள் நான்.
இன்னாசி என்னைப் பார்த்தான்,
எதுவும் சொல்லாமல் சட்டையைக் கழற்றினான்.
கனத்தையெல்லாம் அச்சுக்கு மேலே,
ஒரு சாண் முன்தள்ளி வைத்துக் கயிறு போட்டோம்.
டிரம்மில் பாதியைக் கொட்டினோம்.
ஒரு நாய் வந்து நக்கியது.
சக்கர நட்டுகளை இறுக்கிப் பார்த்தான்,
ஒன்று அரைச்சுற்று சுற்றியது.
அதைத்தான் இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முகுந்தராயர் சத்திரத்தில் இப்போது எங்கள் கடை.
சக்கரத்துக்குக் கல் கொடுத்த பிறகே
கொக்கியை விடுவித்தோம்.
தேநீர், சூடை மீன் வறுவல், மணல்.

பால் வாங்க வெறும் பொலிரோவில் போகிறேன்.
ராமேஸ்வரம் முக்கில் இன்னும்
தெருவையே எடுத்துக்கொண்டு வளைகிறேன்.
ஆட்டோக்காரர் திட்டுகிறார்.
கண்ணாடியில் அந்தச் சன்னலைத் தேடுகிறேன்,
வெறும் சாலைதான் வந்துகொண்டிருக்கிறது.