நடைக் கணக்கு

காலை ஆறரைக்குக்
கன்னாதிட்டி முடக்கில் ஒரு பிளாஸ்டிக் கதிரை,
அதில் நான், கையில் எண்ணும் கருவி.
ஒரு ஆள் கடந்தால் ஒரு அழுத்து.
மூன்று நாளுக்கு என் பெருவிரலை
மாநகர சபை வாடகைக்கு எடுத்திருக்கிறது.

படிவத்தில் நாலு நிரல்:
நடப்போர், சைக்கிள், மோட்டார், ஏனையவை.
சைக்கிளை உருட்டிக்கொண்டு
பக்கத்து ஆளோடு கதைத்தபடி நடக்கிறவரை
எதில் போட?
முதல் நாள் முழுக்க ஏனையவையில் போட்டேன்.
பின்னேரம் கூட்டிப் பார்த்தால்
இந்தத் தெருவில் ஏனையவைதான் கூட.

எதிர்ச் சுவரில் திட்டத்தின் படம்.
வாகனம் இல்லாத தெரு, சிவப்புக் கல் பதித்த நடைபாதை,
வேம்பு நிற்க வேண்டிய இடத்தில்
எந்த நாட்டு மரமோ.
படத்து மனிதர்கள் மெல்லிசாக, நெட்டையாக நடக்கிறார்கள்.
ஒருத்தர் கையிலும் குடை இல்லை,
மருந்துத் துண்டு இல்லை, மீன் பை இல்லை.
அவர்களுக்கு நிழலும் விழவில்லை.
பத்தரை வெயிலில் இருந்து பார்க்கப்
பொறாமையாக இருந்தது.

மாசியில் கானை மூடிச் சிலாப்பு போட்டார்கள்.
நகைக்கடைகளில் தொடங்கிப்
பத்தொன்பதாம் இலக்கம் வரை பாதை நன்றாக வருகிறது.
பிறகு பதினோரு அடிக்கு இல்லை.

இருபத்தொன்றுக்குக் கூரை இல்லை.
மேல்மாடிச் சன்னலால் ஒரு ஆலங்கன்று
தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.
எல்லைக்கல் கானுக்கு வெளியே;
மூடுவதென்றால் ஏழு கையெழுத்து வேண்டும்.
மூன்று ஸ்காபரோவில்,
இரண்டு பாரிசில்,
ஒன்று ஒஸ்லோவில், தொலைபேசி எடுப்பதில்லை.
ஏழாவது ஆள்
தொண்ணூற்றைந்தில் நாவற்குழிப் பாலம் கடந்தவர்.
அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அன்றைக்கு மழைக்குள் ஊரே நடந்தது.
ஒருவரும் எண்ணவில்லை.

இங்கே வந்ததும் எல்லாரும் றோட்டில் இறங்குவார்கள்,
மினிபஸ்ஸின் கோர்னுக்கு உடம்பை ஒடுக்கி,
அந்தப் பக்கம் ஏறுவார்கள்.
ஊன்றுகோல்காரர் ஒருவர் ஏறாமல்
சந்தி வரை றோட்டிலேயே போனார்.
நான் பென்சிலால் ஐந்தாவது நிரல் கீறினேன்:
இறங்கி ஏறியோர்.
இரண்டாம் நாள் மாலைக்குள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

புடைவைக்கடை அருள்நேசனுக்குத் திட்டமே பிடிக்காது.
"கார் நிப்பாட்ட இடமில்லாட்டில்
ஆர் பிள்ளை கூறைச்சீலை எடுக்க வருவினம்?"
அவர் கடைக்குள் அன்று காலை போனவர்கள் எண்பத்து மூன்று பேர்,
காரில் வந்தவர்கள் நாலு பேர் என்றேன்.
"நடந்து வாறதுகள் விலை கேக்கிறதுகள்," என்றார்.
என்றாலும் மூன்று மணிக்குப் பிளேன்ரீ ஒன்று அனுப்பி
"இப்ப எத்தினை?" என்று கேட்டுவிட்டார்.
நாலரைக்குத் திரும்பவும் கேட்டார்.

மூன்றாம் நாள் வந்து பார்த்தால்
பதினோரு அடிக்கும் மேலால்
ஒரு இரட்டைக் கதவு கிடக்கிறது,
இரண்டு பலகையும் நீட்டுக்கு நீட்டாக.
இருபத்தொன்றின் கதவேதான்;
பிணைச்சல் கழன்ற இடத்தில் மரம் வெள்ளையாக இருந்தது.
யார் போட்டதென்று ஒருவரும் சொல்லவில்லை.
அருள்நேசனின் வேலைப்பொடியன் சீமால்
உள்ளங்கையைப் பார்த்து
சிலாம்பு பிடுங்கிக்கொண்டிருந்தான்.

அன்று நான் நிமிர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.
மிதிக்க மிதிக்கக் கதவு சொல்லிக்கொண்டே இருந்தது:
டக். டக்டக். சிறு பிள்ளையென்றால் ஓட்டமாக.
இந்த வீட்டுக் கதவை இத்தனை பேர்
ஒரு நாளில் தட்டியிருக்க மாட்டார்கள்.

திட்டமிடல் பிரிவின் நிறோஜினி
ஆறு மணிக்கு வந்து படிவங்களைப் புரட்டினா.
"இதென்ன அஞ்சாவது நிரல்?"
சொன்னேன்.
"படிவத்தில இல்லாததை நாங்கள் எழுதக் கூடாது."
அழிக்கவில்லை. மடித்து
மற்றத் தாள்களுக்கு அடியில் வைத்தா.
கருவியையும் வாங்கிக்கொண்டா.

வீட்டுக்குப் போக நானும் அந்தக் கதவில் ஏறினேன்.
நடுவில் கொஞ்சம் தொய்கிறது.
கீழே கானுக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம்.
கையில் கருவி இல்லை,
ஆகவே நான் அந்தக் கணக்கில் இல்லை.