ஒன்றரை மீட்டர்

கட்சிக்கொடி தைக்கிற கை என்னுடையது.
தேர்தல் வந்தால் ஒரு ராத்திரிக்கு நானூறு.
மாநகராட்சிக்கு ஒரு கொடி வேண்டும் என்று
மஞ்சக்குப்பத்துக் கடைக்கு ஆள் வந்தபோது
எத்தனை மீட்டர், என்றைக்கு, அவ்வளவுதான் கேட்டேன்.

வரைபடம் நாலு தடவை மாறி வந்தது.
முதலில் கலங்கரை விளக்கமும் கோட்டையும்.
கோட்டையில் மிச்சம் எவ்வளவு என்று யாரோ கேட்க
கோட்டை போயிற்று.
கெடிலத்துக்கு ஒரு நீலக்கோடு, பெண்ணையாற்றுக்கு ஒன்று.
வைகாசியில் வந்து பார்த்திருந்தால்
மணல் நிறம் கேட்டிருப்பார்கள்.
நடுவில் பாதிரிப்பூ.
அது பொன்னா சிவப்பா என்பதிலேயே
ஒரு கூட்டம் முடிந்துவிட்டதாம்.
மரம் கோயிலுக்குள்தான் நிற்கிறது,
நடந்தால் கால்மணி நேரம்.

சிப்காட் புகைபோக்கியை யாரும் கேட்கவில்லை.
ஓரத்தில் அலை போடலாம் என்றார் ஒருவர்.
'அலை வேணாம்'
என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம்
தேவனாம்பட்டினத்து உறுப்பினர் அஞ்சலாட்சி.
காரணம் கேட்கவில்லை ஒருவரும்.

எழுத்து வேண்டாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.
கொடிக்கு முதுகும் முகம்தான்.
பின்னாலிருந்து பார்த்தால் ஊர்ப்பெயர்
'ர்' என்று தொடங்கும்;
புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்குமா?
அப்படியானால் இரட்டைத் துணி என்றார்கள்.
இரட்டையாகத் தைத்தேன்.
ஏற்றிப் பார்த்த அன்று
கனத்தில் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது,
ஈரவேட்டி மாதிரி.
'அப்புறம் பார்க்கலாம்' என்று
மடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

ஐப்பசியில் ராசாப்பேட்டை கலியபெருமாள் வந்தார்.
வலைக்கு அடையாளம் கட்ட
பளிச்சென்று ஏதாவது துண்டு இருக்கா என்றார்.
தையல் பிரித்து ஒரு பாதியைக் கொடுத்தேன்.
தெர்மாகோலில் மூங்கில் குத்தி, மூங்கிலில் அதைக் கட்டி
கரைக்குத் தெரியாத தூரத்தில் விட்டிருக்கிறார்.
ஒற்றைத் துணி, நன்றாகப் பறந்ததாம்.
காற்று திரும்பினால் 'ர்' என்று தொடங்கியிருக்கும்.
மீனுக்கு இலக்கணம் எதற்கு?

மழை விட்டதும் வந்தார்.
பூ இப்போ என்ன நிறம் என்று கேட்டேன்.
'எங்க பூ? உப்புல வெளுத்துப் போச்சு.
ஆனா விடியக்காலைல
தூரத்துலயே தெரியுது, நம்ம வலைன்னு.'

ஒரு பை கவளை மீன் வைத்துவிட்டுப் போனார்.
இன்னொரு பாதியால் மிஷினுக்கு எண்ணெய் துடைக்கிறேன்.
மாநகராட்சியில் பில் இன்னும் பாஸாகவில்லை.