இருக்கை வரைபடம்

காலை ஏழரைக்கே உடற்பயிற்சிக் கூடத்தின்
மண்ணெண்ணெய் அடுப்புகள் நான்கையும் ஏற்றிவிட்டேன்.
நீகாதாவில் மார்ச் என்பது நாட்காட்டியில் மட்டும்தான்.
ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவு பனி.

மேடைச் சுவரில் கொடி.
நேற்றிரவு நான்தான் இஸ்திரி போட்டேன்.
சிவப்பு வட்டத்தின் குறுக்கே ஒரு மடிப்பு,
எத்தனை தேய்த்தும் போகவில்லை,
மூடிய கண்ணிமை மாதிரி.

கோட்டுப் பையில் ஒரு தாள்.
ஆசிரியர் இருக்கைகள் முப்பத்திரண்டு கட்டங்களாக.
எழுந்தால் வட்டம்.
எழாவிட்டால் பெருக்கல் குறி.
வாய் அசைந்ததா என்று தனியே ஒரு பத்தி,
இந்த வருடம் புதிதாய்ச் சேர்ந்தது.
மதியம் மூன்றுக்குள் தொலைநகலில் போயாக வேண்டும்.

"அனைவரும் எழுந்து நிற்கவும்."
அதை அறிவிப்பதும் துணைத் தலைமையாசிரியன் வேலைதான்.

நாற்காலிகள் ஒரே மூச்சில் கிறீச்சிட்டன.
பியானோவில் முதல் சுரம்.
எல்லோரும் கொடியைப் பார்க்க வேண்டும்,
நான் எல்லோரையும் பார்க்க வேண்டும்.
அதாவது
கொடிக்கு என் முதுகு.
ஏழு வருடமாக இப்படித்தான்.
இதைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையிலும் ஒரு வரி கிடையாது.

கணக்கு வாத்தியார் நெகிஷியின் வாய் அசைகிறது.
பாடுகிறாரா, பல்லிடுக்குக் கடற்பாசியைத் துழாவுகிறாரா?
வட்டம்.
அறிவியல் ஆசிரியை கொட்டாவி விட்டார்.
திறந்த வாய்தானே. வட்டம்.
விளையாட்டு ஆசிரியர் தோகாஷியின் குரல் மட்டும்
கூரைத் தகரம்வரை போய்த் திரும்புகிறது.
கண் கலங்கியிருக்கிறது அவருக்கு. நடிப்பில்லை,
எனக்குத் தெரியும்.
கண்ணீருக்குப் படிவத்தில் இடமில்லை.

பன்னிரண்டாவது கட்டம். சமூகவியல். ஹதகெனகா.
உட்கார்ந்திருக்கிறார்.
கையிரண்டும் மடியில்.
வீம்பில்லை, கோபமில்லை,
பேருந்துக்குக் காத்திருப்பவரின் முகம்.

போன முறை சம்பளத்தில் கை வைத்தார்கள்.
இந்த முறை,
ஓய்வுக்குப் பின் தருவதாய்ச் சொன்ன வேலை போகும்.
முந்தாநாள் நகலெடுக்கும் இயந்திரத்தருகே
கெஞ்சிப் பார்த்தேன்:
"நாற்பது நொடிதானே."
சூடாக வந்த தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்:
"நாற்பது நொடிதானே,
நீங்கள் பார்க்காமல் இருந்துவிடுங்களேன்."

பெற்றோர் வரிசையில் ஒருவர் அவரை முறைக்கிறார்.
யாரோ கைபேசியைத் தூக்குகிறார்கள்.
மாணவர் பக்கம், மூன்றாம் வரிசையில்
பனிச்சறுக்கில் காலை உடைத்துக்கொண்ட ரெந்தாரோ,
ஊன்றுகோல்களை அணைத்தபடி
அவனும்தான் உட்கார்ந்திருக்கிறான்.
அவனை யாரும் முறைக்கவில்லை.
மாவுக்கட்டு போட்ட நியாயம்
தூரத்திலிருந்தே தெரிகிறது.

பாட்டு முடிய இன்னும் பத்து நொடி இருக்கும்.
அப்போதுதான் உறைத்தது,
என் உதடுகளும் ஒட்டியே இருக்கின்றன.
எண்ணுகிறவன் எப்படிப் பாடுவது?
ஏழு மார்ச்சுகளாக
ஒரு வரி பாடியதில்லை நான்.
முப்பத்துமூன்றாவது கட்டம்
யாரும் வரையவில்லை.

பென்சிலை எடுத்தேன்.
பெருக்கல் குறி போட்டேன்.
போடவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

பிள்ளைகள் பூங்கொத்தும் அழுகையுமாய்ப் போன பிறகு
நாற்காலி மடக்குகிற சத்தம் மட்டும்.
கொடியை இறக்கினேன்.
தனியாளாய் மடிக்க வராத அகலம் அது.
ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டு நான் திண்டாட,
எதிர்ப்பக்க முனைகள் இரண்டும்
யார் கையிலோ ஏறின.

ஹதகெனகா.
"தரையில் படுது, தூக்குங்க."
தூக்கினேன்.
இருவரும் நடந்து நெருங்கி, மடித்து,
விலகி, மறுபடி நெருங்கினோம்.
பையில் அந்தத் தாள் கசங்கும் சத்தம்
எனக்கு மட்டும் கேட்டதா, தெரியவில்லை.

சிவப்பில் கிடந்த மடிப்பை
கட்டைவிரலால் ஒருமுறை நீவிப் பார்த்தார்.
"தண்ணி தெளிச்சு தேய்க்கணும் இதை.
வெறும் சூட்டுக்குப் போகாது."

மணி இரண்டு நாற்பது.