தீர்மானம் எண் பதினான்கு

'வன்மையாகக் கண்டிக்கிறது' என்று
நான்தான் தட்டச்சு செய்தேன்.
'வன்மையாக' தேவையா என்பதற்கு மட்டும்
நாற்பது நிமிடம் பேசினார்கள்.
சன்னலுக்கு வெளியே நைசே ஆற்றின்மேல் பனிமூட்டம்.
அக்கரை போலந்து.
அங்கேயும் யாரோ யாரையோ
கண்டித்துக்கொண்டிருக்கலாம்.

பதினொரு கைகள் உயர்ந்தன.
நோவாக் மட்டும் உயர்த்தவில்லை.
"பேரைச் சொல்லாதீர்கள்.
இன்றைக்கு அவர்கள்
பழைய திரையரங்கின் பின்னால் பீர் குடிக்கும் முப்பது பேர்.
நாளைக்கு ஒரு கட்சி."

அப்படித்தான் ஆனது.
சனிக்கிழமை என் வாக்கியம்
கறுப்புச் சட்டைகளில் ஊர்வலம் வந்தது
நெஞ்சுக்குக் குறுக்கே, வெள்ளை எழுத்தில்.
ஓர் எழுத்துப்பிழை; அதுவும் என்னுடையதே.
எண்ணிப் பார்த்தேன், எழுபது பேர்.
ரோனி கிரெச்சல், என் மகனோடு படித்தவன்,
கையசைத்தான்:
"நன்றாக எழுதியிருக்கிறீர்கள்!"

அன்றிரவு அடுப்பின்முன் குந்தி
நிலக்கரிக் கட்டிகளை ஊதினேன்.
நீறு பறந்தது. கங்கு சிவந்தது.
போதும் இந்த உவமை என்று எழுந்துவிட்டேன்.

ஊதாமல் விட்ட வருடமும் இருக்கிறதே.
அவர்கள் பதினைந்து பேராக இருந்த வருடம்.
கண்டுகொள்ளாவிட்டால் ஓய்ந்துவிடுவார்கள் என்று
நாகரிகமாகத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டோம்.
காலையில் தூயென்னின் தையற்கடைக்குக்
கண்ணாடி இல்லை.
மன்றத்தின் குறிப்பேட்டில் அதைப்பற்றி
ஒரு வரிகூட இல்லை, தேடினேன்.
குறிப்பெடுத்தவள் நான்.

திங்கட்கிழமை ஒரு பாவாடையை
இடுப்புப் பிடிக்கக் கொண்டுபோனேன்.
வேறு சாக்கு கிடைக்கவில்லை.
இந்த ஊரின் இடுப்புகளை முப்பது வருடமாக அறிந்தவள்
வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி
என்னைச் சுற்றி வந்தாள்.

"எத்தனை கைகள்?"
"பதினொன்று."
"யார் தூக்கவில்லை?"
"நோவாக்."
"அவருடைய கால்சட்டை அதோ தொங்குகிறது."
பிறகு ஓர் ஊசியை எடுத்துச் செருகிவிட்டு,
"அன்றைக்குத் துடைப்பத்தோடு வந்தவர்
அவர் ஒருவர்தான்" என்றாள்.

நான் திரும்பினேன்,
அப்படியானால் தீர்மானம் தவறா என்று
கேட்கப் போனேன்.

"பதினொன்று வரும் என்று நினைக்கவில்லை.
மூன்று, நான்கு என்று வைத்திருந்தேன்.

அசையாதீர்கள், குத்திவிடும்."