உள்ளேன்

செருப்புக்கடையாய் இருந்த இடம்
இப்போது தொகுதி அலுவலகம்.
பாதம் அளக்கிற இரும்புத் தட்டு
இன்னமும் கதவுக்குப் பின்னால் கிடக்கிறது.
பதினோரு வருடமாக இங்கே போன் எடுப்பவள் நான்.
படிவத்தில் இரண்டே கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு.
அழுகிறவர்களை எதில் குறிப்பதென்று
யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் உறுப்பினர் விவியன் தெரியோ
வாஷிங்டனில் போட்ட வாக்குகள்
நாலாயிரத்துச் சொச்சம்.
மீன்வலைச் சட்டத்துக்கு ஆம்.
ஒரு போருக்கு இல்லை,
அடுத்த போருக்கு ஆம்.
தபாலாபீஸை மூட மூன்று முறை இல்லை;
நான்காம் முறை
யாரையும் கேட்காமலே மூடிவிட்டார்கள்.

எந்தத் தாளிலும் ஏறாதவை
என் மேஜை இழுப்பறையில்.
காதுக் கருவி கிடைத்த முன்னாள் சிப்பாய்
முதல் வேலையாக எங்களைக் கூப்பிட்டு
"கத்தாதே பெண்ணே" என்றார்.
லுசில் பார்டெட் இறந்துவிட்டதாக
ஓய்வூதியக்காரர்கள் எழுதிவிட்டார்கள்.
ஆறு மாதம் கடிதம் போட்டு அவளை உயிர்ப்பித்தோம்.
கேக்கோடு வந்தாள், கொஞ்சம் அடிப்பிடித்த கேக்.

அப்புறம்தான் பால்.

காகித ஆலையின் கசடை
எரு என்று சொல்லி இலவசமாகக் கொட்டியிருந்தார்கள்.
முப்பது வருடம் மண்ணில் படுத்துக் கிடந்து
அது புல்லில் ஏறி, மடியில் இறங்கியது.
வெண்டெல் ஹாஸ்கின்ஸ் தினமும் கறந்தார்,
தினமும் குழியில் ஊற்றினார்.
கறக்காவிட்டால் மாட்டுக்கு வலிக்கும் என்றார்.

ஆலைகள் ஈடு தரவேண்டுமென்று மசோதா வந்த வாரம்
போன் கீழே வைக்க விடவில்லை.
ஆதரவு நானூற்றுப் பதினொன்று.
எதிர்ப்பு நானூற்று ஒன்பது.
ஆலையில் அறுநூறு பேருக்கு வேலை,
அதில் ஒருவர் என் கணவர்.
அவரும் கூப்பிட்டார்.
பெயர் என்ன என்று கேட்டேன்.
சொன்னார். எழுத்துக்கூட்டியும் சொன்னார்.

அங்கே சபையில் மூன்றாவதாக ஒரு பொத்தான் உண்டு.
ஆமும் இல்லை, இல்லையும் இல்லை.
வகுப்பில் பேர் கூப்பிட்டால்
பிள்ளைகள் எழுந்து சொல்வார்களே, அந்தச் சொல்:
உள்ளேன்.
விவியன் அதை அழுத்தினார்.

பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் கூட்டம்.
ஹாஸ்கின்ஸ் மைக்கைப் பிடித்து
"உள்ளேன் என்றீர்களாமே,
நானும் வருகை எடுக்கிறேன்" என்றார்.
சட்டைப்பையிலிருந்து தீவன ரசீது ஒன்று,
அதன் முதுகில் பெயர்கள்.
க்ளோவர்.
மேபல்.
சின்ன மேபல்.
செனட்டர் (யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்).
ஒவ்வொரு பெயருக்கும் பிறகு
ஒரு பசு தலை தூக்கிப் பார்க்கிற நேரம் காத்திருந்தார்.
பதில் வராததும் அடுத்த பெயர்.

ஆலைக்காரர்கள் வரிசையில் ஒருவர் இருமினார்.
அந்த இருமல் எனக்குத் தெரியும்.

விவியன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
அது ஒன்றை நான் சாட்சி சொல்வேன்.
முடிந்ததும் கேட்டார்: "அறுபத்திரண்டா?"
"அறுபத்து மூன்று. ஒன்று சினை."

அடுத்த வருடம் அவரே ஒரு மசோதா கொண்டுவந்தார்.
குழுவுக்குப் போனது, அங்கேயே தூங்குகிறது.
அவரது சாதனைப் பட்டியலில் அதற்கு ஒரு வரி: அறிமுகம் செய்தார்.
நவம்பரில் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் ஜெயித்தார்.
நான் யாருக்குப் போட்டேன் என்று
வீட்டிலும் கேட்கவில்லை.

அன்றிரவுப் படிவம் மட்டும்
இன்னும் இழுப்பறையில், அனுப்பாமல்.
பெயர்: ஹாஸ்கின்ஸ், வெண்டெல்.
பொருள்: பால்.
இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருக்கிற
விரற்கடை அகல வெள்ளையில்
பேனா முனை ஊன்றிய ஒரு புள்ளி.
எழுத வாயெடுத்தபோது போன் அடித்திருக்க வேண்டும்.